யார் யாரைக் கடித்தார்கள்: ஒரு ஃபைட்டர் மீன் தொட்டியின் ஏழு மாதப் பதிவு

ஓர் ஆண் ஃபைட்டர் மீனுக்கு, அதாவது பெட்டாவுக்கு, துணை மீன் தேடியதைப் பற்றிய பதிவு இது. மூன்று முறை தேடினோம். இரண்டு முறை சறுக்கினோம். இரண்டாவது சறுக்கல் என் ஆலோசனையால் வந்தது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

தொட்டி வைத்திருப்பவர் பணி ஓய்வு பெற்றவர். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி கூட இருக்கிறாள். தொட்டி 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 30 செ.மீ. மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டர் 26 டிகிரியில் இருந்தது. பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டர், பிளாஸ்டிக் செடிகள், மேலே மூடி. அதற்குள் அடர்நீல ஹாஃப்மூன் (அரைவட்டமாக விரியும் வால் உள்ள வகை) ஆண் ஒன்று ஐந்து மாதமாகத் தனியாக இருந்தது. ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை. ஆளைக் கண்டால் கண்ணாடிக்கு வரும், மூலையில் நுரைக்கூடு கட்டும், போட்ட தீனியை மிச்சம் வைக்காது.

ஆரம்பம் பேத்தியின் கேள்வி: "தாத்தா, இது மட்டும் தனியா இருக்கே, பாவம் இல்லையா?"

உண்மையில் பாவம் இல்லை. ஆண் பெட்டா இயல்பிலேயே தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைப் பொறுக்காத மீன். தாய்லாந்தில் இதற்குப் பெயரே 'கடிக்கும் மீன்' என்ற பொருளில் 'ப்லா கட்'. 2019-இல் அந்நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தார்கள். பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த பரம்பரையிலிருந்து வந்தது. துணை வேண்டும் என்பது பார்க்கிற நமக்குத்தான். ஆனால் 45 லிட்டர் தொட்டியின் கீழ்ப் பாதி காலியாகக் கிடந்ததும் உண்மை. கவனமாகச் செய்தால் முயன்று பார்க்கலாம் என்ற அளவுக்கு இடம் இருந்தது.

முதல் முயற்சி

என்னைக் கேட்பதற்கு முன்பே நான்கு ஆண் கப்பிகளை வாங்கி விட்டிருந்தார். இதை நீட்டத் தேவையில்லை. மேல்மட்டத்தில் நீந்துவது, வண்ண வண்ணமாக அகன்ற வால், விசிறுகிற நடை என்று பெட்டாவின் கண்ணுக்கு ஒவ்வொரு கப்பியும் ஒரு குட்டி எதிரி. செவுள் மூடியை விரித்துக்கொண்டு துரத்தியது. இரண்டாம் நாள் ஒரு கப்பி வாலே இல்லாமல் இறந்து கிடந்தது. மூன்றாம் நாள் மீதி மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். "தம்பி, இது யாரையும் சேர்த்துக்காது போல. கடிக்காத மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

கடிக்கும் மீன் எது, கடிபடும் மீன் எது என்பது அந்தக் கேள்வியிலேயே முடிவாகிவிட்டது. நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அடுத்த ஒரு மாதக் குழப்பத்துக்கு வேர் இதுதான்.

நான் சொன்ன ஆலோசனை

விதிமுறைப்படி யோசித்தேன். துணை மீனுக்கு நீண்ட வால் இருக்கக் கூடாது. பெட்டாவின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குராமி கூடாது. குளிர்ந்த நீர் கேட்கும், கழிவும் அதிகமாக விடும் கோல்டுஃபிஷ் கூடாது. வேகம், எச்சரிக்கை, சிறிய உடல், கூட்டமாகத் திரியும் பழக்கம், இவை இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னேன்: "சின்னதா, சிவப்பா, எம்பர் டெட்ரானு இருக்கும். எட்டு வாங்கிக்கோங்க. ஒரு வாரம் தனியா வெச்சுப் பார்த்துட்டு விடுங்க."

எம்பர் டெட்ரா முழு வளர்ச்சியிலும் 2 செ.மீ. அளவுதான் இருக்கும். பெட்டாவோடு வைக்கப் பலரும் சொல்வது அதைத்தான். ஆலோசனையில் பிழை இல்லை. ஆனால் பெயரைச் சொன்னேனே தவிர, அடையாளம் சொல்லவில்லை. வாங்கியதும் படம் அனுப்பச் சொல்லவும் இல்லை.

கப்பிகள் போய் இரண்டு வாரம் கழித்து 'சிவப்பு டெட்ரா' நான்கு வந்தன. கடையில் அவ்வளவுதான் இருந்ததாம். தனியே வைக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் அன்றே தொட்டியில் விட்டார். பெட்டா ஒரு முறை செவுள் மூடியை விரித்துக் காட்டியது, டெட்ராக்கள் சிதறி ஓடின, அவ்வளவுதான். "இந்தத் தடவை அமைதியா இருக்கு" என்று செய்தி வந்தது. எனக்கும் நிம்மதி.

கிழிசல்

ஒன்பதாம் நாள் பெட்டாவின் வாலில் மெல்லிய பிளவு ஒன்று. பன்னிரண்டாம் நாள் மூன்று. படத்தைப் பார்த்ததும் துடுப்பு அழுகல் என்றேன். தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். மீன் கழிவிலிருந்து சேரும் நச்சான அம்மோனியா 0.25 பி.பி.எம். காட்டியது. அதுவரை எப்போதும் பூச்சியம்தான். ஒரே நாளில் நான்கு மீன் கூடியதும், புது வரவுக்காகத் தீனியைக் கூட்டியதும் காரணம். அழுக்குத் தண்ணீர், அதனால் அழுகல் என்று எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததாலேயே நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பாக்டீரியா மருந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை ஊற்ற வேண்டாம், முதலில் தண்ணீர் மாற்றுவோம் என்றேன். இந்த ஒன்று சரியான முடிவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினார், தீனியைப் பாதியாக்கினார். நான்கு நாளில் அம்மோனியா மீண்டும் பூச்சியம்.

கிழிசல் நிற்கவில்லை.

அடுத்த சந்தேகம் பிளாஸ்டிக் செடிகள். பழைய நைலான் துணியால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். துணி மாட்டினால் துடுப்பும் மாட்டும் என்பது கணக்கு. இரண்டில் மாட்டியது. பேசாமல் எல்லாச் செடிகளையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்த பிறகு கிழிசல் கூடியது! காரணம் அப்போது புரியவில்லை. பெட்டா ஒதுங்கி நிற்க இருந்த மறைவையும் பிடுங்கிவிட்டோம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது சந்தேகம், தன் வாலைத் தானே கடித்துக்கொள்வது. நீண்ட வால் உள்ள பெட்டாக்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. வேகமான நீரோட்டம், ஓயாத பதற்றம் போன்றவை தூண்டும். ஃபில்டரின் வேகத்தைக் குறைக்க நீர் விழும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகினார். அதிலும் பலன் இல்லை.

நோட்டுப் புத்தகம்

முடிச்சை அவிழ்த்தது பேத்தி. கப்பி இறந்த நாளிலிருந்தே ஒரு கோடு போட்ட நோட்டில் மீனைப் பற்றிக் குறித்து வந்தாள். கிழிசல் தொடங்கியதும் பள்ளிக்குப் போகும் முன் ஒரு படம், வந்த பிறகு ஒரு படம் என்று வாலை வரைய ஆரம்பித்தாள். ஓவியம் சுமார்தான். ஆனால் துடுப்பைத் தாங்கும் மெல்லிய கம்பிகளான கதிர்களில் எந்தக் கதிருக்கும் எந்தக் கதிருக்கும் நடுவே பிளவு என்பதை எண்ணி எண்ணிக் குறித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது நோட்டை நீட்டினாள். "மாமா, சாயங்காலம் வரையறப்போ எல்லாம் பழைய கிழிசல்தான் இருக்கு. புதுசு எப்பவும் காலையிலதான் வருது."

பக்கங்களைப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வால் மட்டுமல்ல, முதுகுத் துடுப்பின் உச்சியிலும் இரண்டு இடத்தில் குறி போட்டிருந்தாள். பெட்டா எவ்வளவு வளைந்தாலும் தன் முதுகுத் துடுப்பின் உச்சி அதன் வாய்க்கு எட்டாது. தானே கடித்துக்கொள்கிறது என்ற சந்தேகம் அங்கேயே விழுந்தது. அழுகலும் இல்லை. அழுகலில் ஓரம் கருத்தோ, சிவந்தோ, வெளுத்துப் பஞ்சு பிடித்தோ, நாளுக்கு நாள் உள்நோக்கித் தேய்ந்துகொண்டே போகும். இங்கே ஓரங்கள் கத்தரித்தது போலச் சுத்தமாக இருந்தன. நேற்று முழுசாக இருந்த இடத்தில் இன்று திடீரென வெட்டு.

அன்றிரவு தொட்டி விளக்கை வழக்கம்போல் ஒன்பது மணிக்கு அணைத்தார்கள். கூடத்து விளக்கு பத்தரை வரை எரிவது அந்த வீட்டு வழக்கம். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரு கைபேசியைத் தொட்டி முன் நிறுத்திப் படம் பிடித்தோம். நாங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டோம். முன்னால் ஆள் இருந்தால் பெட்டா தீனிக்கு வந்து நிற்கும், மற்ற மீன்களும் நடிக்கும்.

நாற்பது நிமிடப் படத்தில் நடந்தது இது. பெட்டா ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாய்ந்து தூங்கப் போகிறது. வால் மட்டும் வெளியே தொங்குகிறது. ஒரு டெட்ரா மெல்ல வந்து வால் நுனியை வெடுக்கென்று இழுத்துவிட்டு ஓடுகிறது. பெட்டா துள்ளித் திரும்புகிறது. ஆனால் அந்தப் பாவாடை போன்ற துடுப்பை இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அங்கே யாரும் இல்லை. மறுபடி சாய்கிறது. இப்போது இன்னொன்று, பின்பக்கமாக. பேத்தி எண்ணினாள்: பதினான்கு முறை.

ஹாஃப்மூன் என்பது வால் 180 டிகிரிக்கு அரைவட்டமாக விரியும்படி மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவம். அழகுதான். ஆனால் வேகமான சிறு மீன்கள் நடுவே அது ஓடவும் முடியாத, விரட்டவும் முடியாத மீன். நாங்கள் எல்லோரும் அதையே போக்கிரியாக நினைத்துக் காவல் காத்தோம்.

அடையாளம்

அப்போதுதான் டெட்ராவை உற்றுப் பார்த்தேன். உடல் எம்பரைவிட உயரம், பக்கவாட்டில் தட்டை. செவுளுக்குப் பின்னால் காற்புள்ளி போல ஒரு கறுப்புக் குறி. முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டு. எம்பரிடம் இவை எதுவும் கிடையாது. வந்திருந்தது செர்ப்பே டெட்ராவின் இளங்குஞ்சுகள். துடுப்பு கடிப்பதில் பேர்போன மீன். கொடுமை என்னவென்றால் இரண்டும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டவை: எம்பர் 'ஹைஃபெஸ்ஸோப்ரைகான் அமாண்டே', செர்ப்பே 'ஹைஃபெஸ்ஸோப்ரைகான் ஈக்வெஸ்'. 'சிவப்பு டெட்ரா' என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கிடைக்கும். குறை சொல்ல வேண்டுமென்றால் தொலைபேசியில் பெயரை மட்டும் சொன்ன என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது. செர்ப்பேக்கள் பெரிய கூட்டமாக இருந்தால் சீண்டலில் பெரும்பகுதி தங்களுக்குள்ளேயே தீர்ந்துபோகும். நான்கு மட்டும் இருந்தால் அது வெளியே திரும்பும்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகளைப் பேசினோம். செர்ப்பேக்களைப் பத்தாகக் கூட்டிச் சீண்டலைப் பரப்பலாம். ஆனால் தொட்டி போதாது, எதிரே அவ்வளவு பெரிய வாலும் ஆடிக்கொண்டிருக்கும். நடுவே வலைத் தடுப்பு வைக்கலாம். அது இருவருக்குமே சிறை. மூன்றாவது, டெட்ராக்களை எடுத்துவிடுவது. அதையே செய்தோம். விட்டு இருபத்து மூன்றாம் நாள், பெரிய தொட்டியில் செர்ப்பே கூட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் அவை போய்ச் சேர்ந்தன. அங்கே அவை தொந்தரவே இல்லை.

பெட்டாவுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றம், நிலையான 26 டிகிரி, இரண்டு நாட்டு வாதுமை இலைகள், குறைந்த வெளிச்சம். ஒரு வாரத்தில் கிழிந்த ஓரங்களில் கண்ணாடி போல நிறமற்ற சவ்வு தெரிந்தது. இதைப் பார்த்து மீண்டும் அழுகல் என்று பயந்தார். புதுத் துடுப்பு முதலில் அப்படித்தான் வளரும், நிறம் பிறகு ஏறும். நன்றாக ஆற ஆறு வாரம் ஆனது. முதுகுத் துடுப்பில் ஒரு கதிர் மட்டும் வளைந்தே கூடியது.

இடையில் ஒரு நாள் கேட்டார்: "தம்பி, பேசாம தனியாவே விட்டுடலாமா?" விட்டுவிடலாம், மீனுக்கு ஒரு நட்டமும் இல்லை என்றேன். இரண்டு நாள் யோசித்து, இன்னும் ஒரே ஒரு முறை என்றார். இந்த முறை நிறுத்துவதற்கான எல்லையை முன்கூட்டியே நோட்டில் எழுதினோம்: பெட்டாவின் துடுப்பில் ஒரு புதுக் கிழிசல் வந்தாலோ, ஒரு வாரத்துக்குள் விரித்துக் காட்டுவது குறையாவிட்டாலோ, வந்தவை வெளியே.

மூன்றாவது முயற்சி

தேடல் கீழ்த்தளத்துக்குப் போனது. பெட்டா அதிகமும் மேல்மட்டத்து மீன். அடியில் வாழும், துடுப்பைச் சீண்டாத, 26 டிகிரி ஒத்துக்கொள்ளும் மீன் வேண்டும். பிக்மி கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தியை, சுருக்கமாகக் கோரியை, தேர்ந்தெடுத்தோம். 2.5 செ.மீ. நீளம், பக்கத்தில் ஒரு கறுங்கோடு, கூட்டமாகவே இருக்கும். முழுதாக வளர்ந்தவையாக எட்டு. இந்த முறை வாங்குவதற்கு முன்பே கடைத் தொட்டியிலிருந்து படம் வந்தது. மீசையும் கோடும் பார்த்த பிறகுதான் சரி என்றேன்.

இருபது லிட்டர் டப்பாவில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு நான்கு வாரம் தனியே இருந்தன. முதல் வாரத்தில் ஒன்று இறந்தது. மற்ற ஏழும் தேறின. இந்த நான்கு வாரத்தில் பெரிய தொட்டியையும் மாற்றினார்: மெல்லிய மணல், மரத்துண்டில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள், மேலே கொஞ்சம் மிதவைச் செடி. பெட்டா படுக்க நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓர் அகன்ற இலை.

விடுகிற அன்று பெட்டாவைத்தான் முதலில் வெளியே எடுத்தோம். ஓரிரவு வேறு பாத்திரத்தில். மரத்துண்டுகளை இடம் மாற்றி வைத்து, கோரிகளை விட்டு, மறுநாள் பெட்டாவைக் கடைசியாக விட்டோம். அதற்கும் தொட்டி புது இடமாக இருக்க வேண்டும், பழைய எல்லை நினைவில் நிற்கக் கூடாது என்பதற்காக.

முதல் மாலை விரித்துக் காட்டியது பதினேழு முறை. மறுநாள் ஒன்பது, அடுத்த நாள் நான்கு. ஆறாம் நாளுக்கு எதிரே நோட்டில் பூச்சியம்.

எதிர்பாராத ஒன்றும் இருந்தது. கோரிடோரஸ் குடலாலும் காற்றைச் சுவாசிக்கும். அவ்வப்போது அம்பு போல மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு அடிக்கு ஓடும். பெட்டாவும் காற்றைச் சுவாசிக்கும் மீன்தான். அதன் கூரை அந்த நீர்மட்டம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அது திடுக்கிட்டது. பதினேழில் பாதி அதற்காகத்தான் இருக்கும். பிறகு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உண்மையான சிக்கல் தீனியில் வந்தது. கோரிகளுக்குப் போடும் மூழ்கும் வில்லைகளை பெட்டா தின்ன ஆரம்பித்தது. பத்தே நாளில் வயிறு உப்பிச் சாய்ந்து நீந்தியது. ஒரு நாள் பட்டினி போட்டோம், சரியானது. அதன் பிறகு ஒழுங்கு இதுதான்: முன் மூலையில் மேல்மட்டத்தில் பெட்டாவுக்கு முதலில், பிறகு தொட்டி விளக்கை அணைத்து, இருபது நிமிடம் கழித்து எதிர் மூலையில் கோரிகளுக்கு.

நடுவே கண்ணாடியில் பாசி பிடிக்கிறதென்று ஒரு நெரைட் நத்தையும் வந்தது. அதன் கொம்புகளைப் புழு என்று நினைத்ததோ என்னவோ, பெட்டா கொத்தியது. நத்தை இரண்டு நாள் ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. எடுத்துவிட்டோம். எத்தனையோ தொட்டிகளில் பெட்டா நத்தையைச் சீண்டுவதே இல்லை. இந்த மீன் சீண்டும், அவ்வளவுதான். சிவப்பு இறால் வேண்டுமென்ற பேத்தியின் ஆசையை அதைக் காட்டியே தள்ளிவைத்தோம்.

இப்போதைய நிலை

கோரிகள் வந்து நான்கு மாதம். ஏழும் இருக்கின்றன. அம்மோனியா, நைட்ரைட் பூச்சியம். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றம். பெட்டாவின் வாலில் புதுக் கிழிசல் இல்லை. வளைந்த கதிர் அப்படியே இருக்கிறது. நுரைக்கூடு மீண்டும் கட்டுகிறது, இப்போது மிதவைச் செடிக்கு அடியில்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் தரப்பில் முதலாவது, வாய்வழியாக மீன் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன். படம் பார்க்காமல் ஆமாம் சொல்வதில்லை. இரண்டாவது, பெட்டாவுக்குத் துணை கேட்டு வருபவரிடம் முதலில் அந்த பெட்டாவின் வாலைப் பற்றித்தான் கேட்கிறேன். குட்டை வால் பிளகாட் வகை தப்பித்துக்கொள்ளும் இடத்தில் ஹாஃப்மூன் மாட்டிக்கொள்ளும். அது யாரைக் கடிக்கும் என்பதோடு அதை யார் கடிப்பார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காயம் வந்தால் விளக்கு அணைந்த பிறகான முதல் ஒரு மணி நேரத்தை முதல் நாளே படம் பிடிக்கச் சொல்வேன். எங்களுக்கு அது தோன்றவே கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. அம்மோனியா 0.25 என்றதும் கேள்வியை மூடிவிட்டது என் பிழை. மறைவாக இருந்த செடிகளை, வேறு மறைவு வைக்காமல் மொத்தமாக எடுக்கச் சொன்னதும் அப்படியே. தனியே வைத்துப் பார்க்கும் நான்கு வாரத்தை மட்டும் இனி யாருக்கும் தளர்த்த மாட்டேன். இறந்த அந்த ஒரு கோரி நேரே தொட்டிக்குள் போயிருந்தால் என்ன கொண்டு வந்திருக்குமோ.

போன வாரம் பேத்தி நோட்டைக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'எம்பர் டெட்ரா, நிஜமானது, 8?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்தில் ஒரு வரி: 'மாமா படம் பார்த்த பிறகு.'